ஊரில் வாங்கிய டிவி கார்டு டர்பனில் ஏன் பேசுவதில்லை?

கணினியில் டிவி பார்ப்பதற்கென்று சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய டிவி டியூனர் கார்டைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் கொண்டுவந்து மாட்டினால், பெரும்பாலும் படம் வரும், குரல் வராது. 'உஸ்ஸ்' என்று ஒரே இரைச்சல். கார்டு போய்விட்டது என்று முடிவுகட்டித் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. உண்மையில் கார்டில் ஒரு கோளாறும் இல்லை. அனலாக் ஒளிபரப்புக்கு இரண்டு நாடுகளும் பிஏஎல் (PAL) என்ற வண்ணத் தொலைக்காட்சி முறையைத்தான் எடுத்துக்கொண்டன. ஆனால் இந்தியா எடுத்தது அதில் பிஏஎல்-பி என்ற வகை. தென்னாப்பிரிக்கா 1976 ஜனவரியில் தொலைக்காட்சியைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது பிஏஎல்-ஐ. இரண்டிலும் 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். அதனால் படம் ஒழுங்காக விழுகிறது. ஒலி மட்டும் அங்கே படத்தின் அலைவரிசையிலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வருகிறது, இங்கே 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வருகிறது. குரல் இல்லாத இடத்தில் கார்டு குரலைத் தேடிக்கொண்டிருக்கிறது.

கார்டோடு வந்த மென்பொருளில் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று இருக்கும். நிறுவும்போது இந்தியா என்று கொடுத்துவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே போகாமல் இருப்பதுதான் முதல் தவறு. தென்னாப்பிரிக்கா என்று மாற்றி, சேனல்களை மறுபடி தேட விடுங்கள். லினக்ஸில் என்றால் பிஏஎல்-ஐ என்று நேரடியாகவே சொல்லிவிடலாம். சில பழைய கார்டுகளில் ஆன்டெனா ஒயர் செருகும் தகர டப்பிக்குள் இருக்கும் வடிகட்டியே ஒரு நாட்டுக்கென்று செய்யப்பட்டிருக்கும். அதற்கு மென்பொருளில் மருந்து இல்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டியூனர் கார்டு விஷயத்தில் நம்மவர்கள் படும் பாட்டில் பாதிக்கு மேல், கணினியைத் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இந்த ஊர் வானத்தில் என்ன சிக்னல் வருகிறது என்று பார்க்காமல் கார்டை வாங்குவதுதான் அது.

இன்று வாங்குவதென்றால் கேட்க வேண்டிய பெயர் டிவிபி-டி2. தென்னாப்பிரிக்கா டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்புக்கு முதலில் டிவிபி-டி முறையை எடுத்து, பிறகு அதன் இரண்டாம் தலைமுறையான டி2-வுக்கு மாறிவிட்டது. அனலாக்கை நிறுத்தும் தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது. 2015 ஜூனில் முடித்திருக்க வேண்டும் என்பது உலக அளவிலான ஏற்பாடு, அது நடக்கவில்லை. 2025 மார்ச் 31 என்று குறித்த நாளும் நீதிமன்றத் தடையால் நின்றது. தள்ளிப்போவதை நம்பி, மலிவாகக் கிடைக்கிறதே என்று அனலாக் மட்டும் பிடிக்கும் கார்டை வாங்காதீர்கள்.

யுஎஸ்பி குச்சிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. மேலே டிவிபி-டி என்று போட்டு மலிவாக விற்பவற்றில் பல, ஆர்டிஎல்2832யு என்ற சிப்பை வைத்துச் செய்தவை. நல்ல சிப்தான், ரேடியோ ஆர்வலர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அது முதல் தலைமுறை டி-யை மட்டும்தான் படிக்கும். டர்பனில் நாள் முழுக்கத் தேடினாலும் ஒரு சேனலும் கிடைக்காது. பெட்டியில் டி2 என்று தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பும் கார்டு ஏடிஎஸ்சி முறை. அதுவும் இங்கே உதவாது. பக்கத்து நாடுதானே என்று போட்ஸ்வானாவில் வாங்கிவிடவும் வேண்டாம், அவர்கள் ஜப்பானிய ஐஎஸ்டிபி-டி முறைக்குப் போய்விட்டார்கள்.

தமிழ்ச் சேனலுக்காகத்தான் இதெல்லாம் என்பவர்கள் கவனிக்க வேண்டியது டிவிபி-எஸ்2 எனப்படும் சாட்டிலைட் கார்டு. மாதக் கட்டணம் கட்டிப் பார்க்கும் சாட்டிலைட் சேவைதான் டிஎஸ்டிவி. "டிவிபி-எஸ்2 கார்டு ஒன்று வாங்கி டிஷ் ஒயரைச் செருகினால் டிஎஸ்டிவி வந்துவிடும்" என்று கடைக்காரரே சொல்லக் கேட்டிருக்கிறேன். வராது. சிக்னல் அளவுமானி 90 சதவீதம் காட்டும், சேனல் பெயர்கள்கூட வரிசையாக வந்து நிற்கும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். ஒளிபரப்பு பூட்டப்பட்டது, திறப்பது டீகோடரும் அதிலுள்ள ஸ்மார்ட் கார்டும்தான். மாதக் கட்டணம் இல்லாத ஓப்பன்வியூ என்ற சாட்டிலைட் சேவைக்கும் அவர்கள் பெட்டி வேண்டும். பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று யாராவது மென்பொருள் விற்க வந்தால் காசைக் கொடுக்காதீர்கள். அது சட்டவிரோதம், இரண்டு வாரத்தில் நின்றும் போகும். நேர்வழி சுலபமானது. டீகோடரின் பின்னால் உள்ள மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து கார்டின் ஏவி (படம், ஒலி உள்வாங்கும்) துளைக்கு ஒயர் இழுங்கள். எச்டிஎம்ஐ தரம் வராது, ஆனால் படம் வரும்.

இன்னொன்று, டிவி உரிமம். வீட்டில் டிவி இல்லை, கணினிதான் இருக்கிறது, எனக்கெதற்கு என்று கேட்பார்கள். ஒளிபரப்பைப் பிடிக்கும் எந்தக் கருவியும் சட்டத்தின் கண்ணில் டிவிதான். டியூனர் கார்டு பொருத்திய கணினியும் அதில் அடக்கம். வீட்டுக்கு ஆண்டுக்கு 265 ராண்ட். வீட்டில் ஏற்கெனவே உரிமம் இருந்தால் கணினிக்குத் தனியாக எடுக்க வேண்டியதில்லை.

மாட்டும்போது

இது பத்து நிமிட வேலை. கணினியை ஷட்டவுன் செய்துவிட்டோமே என்று பிளக்கைப் பிடுங்காமல் கார்டைச் செருகுவதுதான் இதில் ஆபத்தான பழக்கம். நிறுத்திய கணினியிலும் மதர்போர்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், போர்டில் ஒரு சிறு விளக்கு எரிவதைப் பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, அந்த விளக்கு அணைந்தபின் கை வையுங்கள். பழைய பிசிஐ கார்டு இன்றைய போர்டுகளின் குட்டை பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையில் நுழையாது. வாங்குமுன் மூடியைத் திறந்து எந்தத் துளை காலியாக இருக்கிறது என்று பாருங்கள். கார்டை அமர்த்தியபின் திருகாணியை அவசியம் போடுங்கள். ஆன்டெனா ஒயர் கனமானது, இழுத்து இழுத்துக் கார்டைச் சாய்த்துவிடும். அப்புறம் சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது.

பழைய கார்டில் குரல் வராததற்கு நாடு மாற்றம் மட்டும் காரணமில்லை. பல கார்டுகள் ஒலியைக் கணினிக்குள் நேரடியாக அனுப்புவதில்லை. பின்னால் ஒரு சின்னத் துளை வழியாக வெளியே விட்டு, சவுண்ட் கார்டின் லைன்-இன் துளையில் திரும்ப உள்ளே வாங்கும். அந்தக் குட்டி ஒயர் பெட்டியிலேயே பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும், யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. ஒயரைப் போட்டும் வரவில்லையென்றால் விண்டோஸ் ஒலி அமைப்பில் லைன்-இன் மௌனமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய கார்டின் டிரைவர் 32 பிட் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கலாம். இன்றைய 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது. முன்பு விண்டோஸோடு வந்த, டிவி பார்க்கும் மென்பொருளான மீடியா சென்டரை மைக்ரோசாப்ட் விண்டோஸ் 10-லேயே எடுத்துவிட்டது. நெக்ஸ்ட்பிவிஆர் போன்ற ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள், சும்மா பார்ப்பதற்கு விஎல்சி போதும். பழைய கார்டுகளை லினக்ஸ் இன்னும் அன்போடு வைத்திருக்கிறது. குப்பையில் போடுமுன் அதில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஆன்டெனாதான் ஆட்டத்தை முடிவு செய்கிறது

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் எல்லாம் மேடும் பள்ளமுமான இடங்கள். ஒரு தெருவில் மேல்வீட்டுக்காரருக்குக் கண்ணாடிபோல் வரும் சேனல், நாலு வீடு தள்ளிச் சரிவில் இருப்பவருக்கு வராது. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், எப்படியோ பார்த்துக்கொள்ளலாம். டிஜிட்டலில் அந்தச் சலுகை கிடையாது. ஓர் அளவுக்குக் கீழே போனால் படம் கட்டம் கட்டமாக உடைந்து ஒன்றுமே இல்லாமல் போகும். கார்டு மேல் பழி போடும் முன் பக்கத்து வீட்டுக் கூரைகளைப் பாருங்கள். ஆன்டெனாக்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, குச்சிகள் படுத்திருக்கின்றனவா நிற்கின்றனவா? டர்பனின் பல பகுதிகளில் அவை மேற்கே அல்வர்ஸ்டோன் கோபுரத்தை நோக்கி இருக்கும். பெரும்பாலானவை இருக்கும் விதமாகவே உங்களுடையதையும் வையுங்கள். கணினி மேசை மேல் வைக்கும் குட்டி ஆன்டெனா கோபுரம் கண்ணுக்குத் தெரியும் வீடுகளுக்கு மட்டும்தான்.

ஒயரின் முனையைக் கட்டுவதில்தான் எத்தனை வீடுகளில் கோட்டைவிடுகிறார்கள்! கோஆக்சியல் ஒயரின் நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பஞ்சுபோன்ற பிளாஸ்டிக், அதற்கு மேல் வலை. வலையின் ஓர் இழை, தலைமுடி அளவு இருந்தால் போதும், வளைந்து நடுக்கம்பியைத் தொட்டால் சிக்னல் அங்கேயே செத்துவிடும். முனையை வெளிச்சத்தில் பிடித்து, இழைகளை எல்லாம் பின்னோக்கி மடித்துவிட்டுத்தான் கனெக்டரைப் போட வேண்டும். ஒயர் 75 ஓம் வகை, ஆர்ஜி6 என்று கேளுங்கள். கடலோர ஊர் என்பதால் கூரையில் இருக்கும் இணைப்பு உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள். பூஸ்டர் போடுவதானால் ஆன்டெனாவின் பக்கத்திலேயே போடுங்கள். நீள ஒயரில் தேய்ந்து வந்த சிக்னலைக் கணினிக்குப் பின்னால் பெரிதாக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும்.

ஏவி ஒயர் போட்டதும் படத்தில் பட்டையாக ஏதோ நகர்கிறது, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்கிறது என்றால், கணினியும் டீகோடரும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகின்றன என்று அர்த்தம். இரண்டையும் ஒரே மல்டிபிளக்கில் சொருகிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். சிலர் கணினி பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றிவிடச் சொல்வார்கள். ரீங்காரம் நிற்கும், உயிருக்கு உத்தரவாதம் இருக்காது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் நினைத்தும் பார்க்காதீர்கள்.

ஜோகன்னஸ்பர்க், லெனேசியா பக்கம் இருப்பவர்களுக்குக் கோடைகால மாலை இடி பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வானம் கறுத்ததும் டிவி பிளக்கைப் பிடுங்குகிறோம், கணினிக்குப் பின்னால் செருகியிருக்கும் ஆன்டெனா ஒயரை மறந்துவிடுகிறோம். கூரையிலிருந்து மதர்போர்டுக்கு நேரான பாதை அது. பிளக்கோடு அதையும் கழற்றி, சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

பதிவு பாதியில் நிற்பது

படம் ரெக்கார்டு போட்டுவிட்டுத் தூங்கினோம், காலையில் பார்த்தால் இடைவேளைக்குக் கொஞ்சம் பிறகோடு முடிந்துவிட்டது. இது அடிக்கடி கேட்கும் புகார். எக்ஸ்டர்னல் டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நொடிக்கு 6 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் மணிக்கு 2.7 ஜிபி, ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்தது. தமிழ்ப் படமோ இரண்டரை மணி நேரம். டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிவிடுங்கள், மாற்றுமுன் உள்ளே இருப்பதை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

லோட்ஷெட்டிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு முன்பு போல் இல்லை என்றாலும் கரண்ட் போகாத ஊர் இது இல்லை. எம்பி4 கோப்பில், உள்ளே எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் கரண்ட் போனால் அட்டவணை எழுதப்படாமல், அதுவரை பதிவானதும் திறக்காது. ஒளிபரப்பு வரும் வடிவமான டிஎஸ்-இல் (.ts) பதிவு செய்தால், கரண்ட் போன நிமிடம் வரை பத்திரமாக இருக்கும். முதலில் டிஎஸ், அப்புறம் வேண்டுமானால் எம்பி4-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய விஎச்எஸ் டேப்புகள்

டிவி பார்க்க இந்தக் கார்டு வேண்டாம், போன் போதும் என்பவர்களிடம்கூட நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. அனலாக் கார்டைத் தூக்கி எறியாதீர்கள். நம் வீடுகளில் அலமாரி மேல்தட்டில் விஎச்எஸ் டேப்புகள் கிடக்கின்றன. தாத்தாவின் அறுபதாம் கல்யாணம், மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயில் காவடி, ஊருக்குப் போய் எடுத்த கல்யாணம். அவற்றைக் கணினிக்குள் கொண்டுவர அந்தப் பழைய கார்டின் மஞ்சள் துளையும் ஓடுகிற ஒரு விசிஆரும் போதும்.

இதிலும் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. மென்பொருள் தானாக 320க்கு 240 என்ற அளவில் எடுக்கும். 720க்கு 576 என்று மாற்றுங்கள். முறை பிஏஎல், நொடிக்கு 25 படம் என்று இருக்கிறதா பாருங்கள், என்டிஎஸ்சி என்ற அமெரிக்க முறை என்றிருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். டேப்பில் நொடிக்கு 50 அரைப்படங்கள் மாறி மாறிப் பதிவாகியிருக்கின்றன. காவடி ஆடுபவர் சுழலும் இடத்தில் நிறுத்திப் பார்த்தால் கையின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரிவது அதனால்தான். அதைச் சரிசெய்கிறேன் என்று எடுக்கும்போதே டீஇன்டர்லேஸ் (அரைப்படங்களை முழுப்படமாக்கும் வசதி) போட்டால் பாதி அசைவு நிரந்தரமாகத் தொலைந்துவிடும். இருப்பதை இருக்கிறபடியே எடுத்துவிட்டு, பார்க்கும்போது விஎல்சியில் டீஇன்டர்லேஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

விசிஆருக்குள் போடுமுன் டேப்பின் ஜன்னல் வழியாக உள்ளே பாருங்கள். டர்பன் ஈரக்காற்றில் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படியும். அப்படி ஒன்றை ஓட்டினால் டேப்பும் கிழியலாம், விசிஆரின் ஹெட்டில் ஒட்டிய பூஞ்சை அடுத்த டேப்புக்கும் போகும். அதைத் தனியாக எடுத்துவைத்து, டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல டேப்பை முதலில் கடைசி வரை ஒருமுறை வேகமாக ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு, பிறகு பதிவைத் தொடங்குங்கள். ஒட்டிக்கிடக்கும் சுருள் தளர்ந்து படம் குலுங்காமல் வரும். மூன்று மணி நேர டேப் நொடிக்கு 8 மெகாபிட்டில் கிட்டத்தட்ட 11 ஜிபி பிடிக்கும். முடிந்ததும் முழுதாக ஓடுகிறதா என்று பார்த்து, இன்னொரு டிஸ்க்கில் ஒரு நகல் போட்டுவிட்டு அடுத்த டேப்பை எடுங்கள்.