பழைய டயரைக் கழற்றும் முன் நன்றாகப் பாருங்கள்: டூரிங் பைக்கில் தவிர்க்க வேண்டிய டயர் தவறுகள்

டயர் மாற்றணுமா என்ற கேள்வி வந்தால் பெரும்பாலானவர்கள் குனிந்து பின் டயரைப் பார்ப்பார்கள், ரப்பர் பட்டன்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் நகத்தை விட்டுப் பார்ப்பார்கள், "இன்னும் பட்டன் இருக்கு, ஒரு ட்ரிப் தாங்கும்" என்று எழுந்துவிடுவார்கள். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு இது ஓரளவு போதும். மூட்டை கட்டி, பின்னால் ஆளும் ஏற்றி, ஒரே நாளில் நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் போகிற வண்டிக்குப் போதாது. டயர் எவ்வளவு தேய்ந்தது என்பதோடு எந்த வடிவத்தில் தேய்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்து என்ன டயர் வாங்கலாம் என்பதற்குப் பாதி பதில் அதில்தான் இருக்கிறது.

நம்மில் பலருடைய டூரிங்கும் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சென்னையில் கிளம்பினால் கொல்லிமலை அடிவாரம் வரை பெரும்பாலும் நேரான நெடுஞ்சாலை, வெயில், சூடேறிய தார். இத்தனை தூரமும் பின் டயரின் நடுப்பட்டைதான் ரோட்டைத் தொடுகிறது, அதனால் அது மட்டும் தேய்கிறது. நாளாக நாளாக உருண்டையாக இருந்த டயர் நடுவில் தட்டையாகி, இரண்டு பக்கமும் ஒரு விளிம்பு உண்டாகிவிடும். நேராக ஓட்டும்வரை எதுவும் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதலாவதில் வண்டியைச் சாய்க்கும்போதுதான் தெரியும்: முதலில் சாயவே மறுக்கும், அந்த விளிம்பைத் தாண்டியதும் பொத்தென்று உள்ளே விழும். இதை ஹேண்டில் பேரிங் கோளாறு, சஸ்பென்ஷன் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கிடம் காசு செலவழிப்பவர்கள் நிறைய பேர். ஒரு சின்ன ஸ்கேலை டயரின் குறுக்கே வைத்துப் பார்த்தாலே போதும். நல்ல டயரில் ஸ்கேல் நடுவில் மட்டும் தொட்டு இரண்டு பக்கமும் ஆடும். தட்டையான டயரில் ஆடாமல் படிந்து உட்காரும். அப்படி உட்கார்ந்தால், பள்ளம் மிச்சமிருந்தாலும் மலைப்பாதைக்கு அந்த டயர் முடிந்துபோன டயர்தான்.

பள்ளத்தையும் விட்டுவிட முடியாது. டயரின் பள்ளங்களுக்குள் அங்கங்கே சின்ன மேடுகள் இருக்கும், தேய்மானக் குறிகள். அவை எங்கே இருக்கின்றன என்று காட்ட டயரின் பக்கவாட்டில் ஒரு முக்கோணமோ சில எழுத்துகளோ போட்டிருப்பார்கள். ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி இருசக்கர வண்டிக்குக் குறைந்தபட்சப் பள்ளம் 0.8 மில்லிமீட்டர். ஆனால் அது அபராதத்திலிருந்து தப்பிப்பதற்கான அளவு என்றுதான் நான் வைத்துக்கொள்வேன். ஜூலையில் வால்பாறை ஏறும்போது டயருக்கடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ள 0.8 போதாது. மழைக்காலப் பயணம் என்றால் 2 மில்லிமீட்டர் அளவிலேயே மாற்றிவிடுவது என் கணக்கு.

பின் டயரையே பார்த்துக்கொண்டிருந்து முன் டயரை மறந்துவிடுவது அடுத்த தவறு. முன் டயர் மெதுவாகத்தான் தேயும், அதனால் பின் டயர் இரண்டு மாற்றும் வரை அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழவென்றும் எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரியும் இருந்தால், அல்லது வட்டத்தைச் சுற்றி மேடும் குழியுமாக இருந்தால், காற்று குறைவாக வைத்து ஓட்டியிருக்கலாம், முன் ஃபோர்க் தளர்ந்திருக்கலாம், வீல் பேலன்ஸ் போயிருக்கலாம். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரிதான் தேயும்.

காற்று விஷயத்தில் பழக்கமான தவறு, டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) எண்ணைப் பார்த்து அப்படியே அடிப்பது. டயர் தன் அதிகபட்ச எடையைச் சுமக்கும்போது வேண்டிய அழுத்தம் அது. உங்கள் வண்டிக்கான அளவு ஓனர்ஸ் மேனுவலிலோ, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும், தனியாகப் போக ஒன்று, ஆளும் பாரமும் ஏற்றினால் இன்னொன்று. டூர் போகும்போது அந்த இரண்டாவது அளவுதான் வேண்டும். அதைக் காலையில் டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். மத்தியானம் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, காற்று அதிகமாகக் காட்டுகிறதே என்று இறக்கிவிடாதீர்கள், சூட்டில் ஏறிய அழுத்தம் அது. இறக்கிவிட்டால் பக்கச்சுவர் அதிகமாக மடங்கும், இன்னும் சூடாகும், வெயில் காலத்தில் அதுதான் டயரைக் கொல்கிறது. சொந்தமாகக் காற்றழுத்தம் பார்க்கும் ஒரு கேஜ் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பங்க்குக்குப் பங்க் காட்டும் எண் மாறும்.

சரி, இப்போது வாங்கும் இடத்துக்கு வருவோம். இங்கே முதல் சறுக்கல் அகலம். பின் டயர் குண்டாகத் தெரிந்தால் வண்டிக்கு ஒரு கெத்து வருகிறது, உண்மைதான். பஜாஜ் டோமினார் 400, கே.டி.எம். 390 ட்யூக் பைக்குகளுக்குப் பின்னால் வருவது 150/60, 17 அங்குலம். அதாவது அகலம் 150 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், 90 மில்லிமீட்டர். அதில் 160/60 போட்டால் உயரம் 96 ஆகும், மொத்த விட்டம் 12 மில்லிமீட்டர் கூடும். ரிம் மட்டும் அதே பழைய ரிம். அதற்கேற்ற அகலமில்லாத ரிம்மில் பெரிய டயரை உட்காரவைத்தால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி கூம்பும். பார்க்கக் குண்டாக இருந்தாலும் தரையில் படுவது நீங்கள் எதிர்பார்த்த அளவு இருக்காது, வளைவில் வண்டி மெதுவாகத்தான் திரும்பும், செயினுக்கும் டயருக்கும் நடுவிலுள்ள இடைவெளியும் குறையும். கம்பெனி சொன்ன அளவிலேயே நில்லுங்கள்.

அந்த அளவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் எழுத்தும் இருக்கும், டூரிங்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது அதைத்தான். 66 எச் என்றால் அந்த ஒரு டயர் 300 கிலோ தாங்கும், மணிக்கு 210 கிலோமீட்டர் வரை அதன் வேக வரம்பு. 64 எஸ் என்றால் 280 கிலோ, 180 கிலோமீட்டர். ஆளும் சாடில் பேக்கும் டாப் பாக்ஸும் சேர்ந்த பாரத்தில் பெரும்பகுதி பின் சக்கரத்தில்தான் இறங்குகிறது. விலை குறைவு என்று பாரத்துக்கான எண் குறைந்த டயரை எடுக்காதீர்கள்.

இரண்டாவது சறுக்கல் ஆசைக்கு வாங்குவது. லடாக் கனவில் பெரிய பட்டன் வைத்த ஆஃப்ரோடு டயர் போட்டு, வருஷம் முழுக்கச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே ஓடுகிற வண்டிகள் எத்தனை! தார் ரோட்டில் அந்தப் பட்டன்கள் சத்தம் போடும், சீக்கிரம் கரையும், ஈர ரோட்டில் பிடிமானமும் குறைவு. எதிர்ப்பக்கத்தில், ரேஸ் வண்டி மாதிரி மென்மையான ரப்பர் போட்டால் வளைவில் சுகம்தான், ஆனால் நெடுஞ்சாலையில் நடுப்பட்டை கண்ணெதிரே காணாமல் போகும். உங்கள் பழைய டயர் நடுவில் மட்டும் தட்டையாகியிருந்தால் நீங்கள் நெடுஞ்சாலைக்காரர், நடுவில் கெட்டி ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் வைத்த இரட்டைக் காம்பவுண்ட் டூரிங் டயரைக் கேளுங்கள். ஓரம் வரை சீராகத் தேய்ந்திருந்தால் மலைப்பாதை ஓட்டம் அதிகம், கொஞ்சம் மென்மையான டயருக்குப் போகலாம். பட்டன் ஓரங்கள் கிழிந்து, பிய்ந்து கிடந்தால் நிஜமாகவே கல்லிலும் மண்ணிலும் ஓட்டுகிறீர்கள், அந்த பட்டன் டயர் உங்களுக்குத்தான். ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 பைக்குக்கு முன்னால் 90/90-21, பின்னால் 120/90-17. இந்த அளவில் ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்கள் கிடைப்பதால் இரண்டுக்கும் நடுவே ஆடுபவர்களுக்குக் கஷ்டமில்லை. முன்னால் ஒரு ரகம், பின்னால் வேறு ரகம் என்று கலந்தடிக்காமல் ஜோடியாகப் பார்த்து எடுங்கள், ரேடியலா பயாஸா (டயருக்குள் நூலடுக்கு நேர்குறுக்காக ஓடுகிறதா, சாய்வாக ஓடுகிறதா) என்பதையும் மேனுவல் சொல்கிறபடியே வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் டயரை ரிம்மில் ஏற்றும் முன் தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3822 என்றால் 2022-ஆம் ஆண்டின் 38-வது வாரம், அதாவது செப்டம்பர். தள்ளுபடியில் தரும் டயர் சில சமயம் குடோனில் வருஷக்கணக்கில் கிடந்ததாக இருக்கும். ஓடாவிட்டாலும் ரப்பர் காய்ந்து இறுகும். ஐந்து வருஷம் ஆனபின் வருஷா வருஷம் ஆளை வைத்துப் பரிசோதிக்கச் சொல்கிறது டயர் கம்பெனியான மிஷ்லின், பத்து வருஷம் ஆனால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றச் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்காரர்கள் பள்ளத்தை நம்பாமல் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஸ்போக் ரிம்மில் ட்யூப் போட்ட வண்டி என்றால் புது டயரோடு புது ட்யூபும் போடுங்கள். நீண்டு தளர்ந்த பழைய ட்யூப் உள்ளே மடிந்து, அந்த மடிப்பிலேயே பஞ்சராகும். ட்யூப்லெஸ் என்றால் வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். நடுப்பட்டையில் ஏறின ஆணிக்கு பஞ்சர் குச்சி போதும், பக்கச்சுவரில் ஓட்டை என்றால் அதை ஒட்டவைத்து டூர் போக வேண்டாம்.

அப்புறம், கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி டயர் மாற்றாதீர்கள். புது டயரின் மேல்தோல் வழவழப்பாகத்தான் இருக்கும், முதல் 150 கிலோமீட்டராவது திடீர் பிரேக்கும் ஆழமான சாய்வும் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து ஓட்டிப் பழக்க வேண்டும். ஒரு வாரம் முன்பே மாற்றினால் டயர் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி சரியாக இருக்கிறதா, செயின் அளவாக இறுக்கியிருக்கிறதா, மறுநாள் காலை காற்று இறங்கியிருக்கிறதா என்று பார்க்கவும், ஏதாவது தப்பாக இருந்தால் அதே கடைக்குத் திரும்பிப் போகவும் நேரம் இருக்கும். கடைப் பையன் அழகுக்காக டயரில் பாலிஷ் தேய்க்க வந்தால் மட்டும் தடுத்துவிடுங்கள், ரோட்டைத் தொடும் இடத்தில் அது பட்டால் வழுக்கும்.