“சேவைக்குத்தான் வந்தேன்”: தன்னார்வலரின் மனதை அளப்பது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் சோலையோரம் களைச்செடி பிடுங்க, குப்பை பொறுக்க என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்னக் குழுவாகப் போகிறோம். முதல் தடவை முப்பது பேர் வந்தார்கள். டீயும் வர்க்கியும் கொடுத்துக்கொண்டே, “எதற்காக வந்தீர்கள்?” என்று கேட்டேன். அத்தனை பேரும் “சேவைக்குத்தான்” என்றார்கள். அடுத்த மாதம் ஏழே பேர். தப்பு என் கேள்வியில்தான். முகத்துக்கு நேரே கேட்டால் வேறென்ன சொல்வார்கள்?

இதற்கென்றே ஒரு வினாத்தாள் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. அமெரிக்க உளவியலாளர்கள் கில் கிளாரி, மார்க் ஸ்னைடர் முதலானோர் 1998-ல் வெளியிட்டது. மொத்தம் 30 வாக்கியங்கள். ‘எனக்குத் துளியும் பொருந்தாது’ என்றால் 1, ‘மிகவும் பொருந்தும்’ என்றால் 7.

படி 1: ஆறு காரணங்கள்

30 வாக்கியங்களும் ஐந்தைந்தாக ஆறு காரணங்களுக்குப் போகின்றன. அக்கறை, கற்றல், நட்பு வட்டம் (வேண்டியவர்கள் வருகிறார்கள், நானும் வருகிறேன்), வேலைவாய்ப்பு, மனபாரம் இறக்குதல், தன்மேல் மதிப்பு கூடுதல்.

காசு இந்தப் பட்டியலில் இல்லை. நீலகிரியில் 2022-ல் காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று வந்தது. அதற்காகப் பாட்டில் பொறுக்குபவரும் காட்டுக்கு நல்லதே செய்கிறார். ஆனால் அவரை அளக்க இந்தத் தாள் உதவாது.

படி 2: வாக்கியங்களைத் தமிழாக்குதல்

இங்கேதான் அதிக நேரம் போகும், போகட்டும். ‘என் சுயமதிப்பை மேம்படுத்துகிறது’ என்று நான் முதலில் எழுதியதைப் படித்த ஒரு அக்கா, “இது பரீட்சையா?” என்றார். ‘இங்கே வந்தால் நானும் ஒரு ஆள் என்று தோன்றுகிறது’ என்று மாற்றியதும் யோசிக்காமல் எண் போட்டார். மனபாரத்துக்கு, ‘இங்கே இருக்கும் நேரம் வீட்டுக் கவலை மறக்கிறது.’ ஒரு வாக்கியத்தில் ஒரே விஷயம். ஒரே காரணத்துக்கான ஐந்தையும் அடுத்தடுத்து வைக்காமல் கலைத்துப் போடுங்கள். 30 அதிகம் என்று குறைத்தால், மற்றவர்கள் வெளியிட்ட எண்களோடு உங்கள் எண்களை ஒப்பிடக் கூடாது.

படி 3: நிரப்ப வைத்தல்

பெயர் வேண்டாம், அவரவருக்குப் பிடித்த ஒரு எண் போதும். தூறலில் பேனா எழுதாது, பென்சில் கொடுங்கள். ஒருங்கிணைப்பாளர் பக்கத்தில் நிற்கக் கூடாது. படிக்கத் தெரியாதவருக்கு வேறொருவர் வாசித்துக் காட்டலாம். முக்கியமாக, வருவதை நிறுத்திவிட்டவர்களையும் தேடிப்போய்க் கேளுங்கள். வந்துகொண்டே இருப்பவர்களை மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

படி 4: கணக்கு

ஒரு காரணத்தின் ஐந்து எண்களைக் கூட்டி 5-ஆல் வகுக்க வேண்டும். 6, 5, 7, 6, 6 என்றால் கூட்டுத்தொகை 30, சராசரி 6. ஒன்றை விட்டுவிட்டால் 4-ஆல் வகுக்கவும்.

இத்தோடு நிறுத்தாதீர்கள். சிலர் எல்லாவற்றுக்கும் 6, 7 என்றே போடுவார்கள். ஒரு கல்லூரி மாணவரின் தாள் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: அக்கறை 6.4, கற்றல் 6.6, நட்பு வட்டம் 5.8, வேலை 6.2, மனபாரம் 5, மதிப்பு 6. ஆறின் சராசரி 6. ஒவ்வொன்றிலிருந்தும் அதைக் கழித்தால் கற்றல் +0.6, மனபாரம் –1. ஓய்வுபெற்ற ஒருவர், அதே வரிசையில்: 5, 3, 2, 1, 4.6, 2.4. சராசரி 3. இவருக்கு அக்கறை +2, மனபாரம் +1.6. மாணவர் மனபாரத்துக்குப் போட்ட 5, இவருடைய 4.6-ஐ விடப் பெரிது. ஆனாலும் அந்தக் காரணம் கனப்பது இவருக்குத்தான். அக்கறை அநேகமாக எல்லாரிடமும் மேலே நிற்கும். அதை விட்டுவிட்டு, மற்ற ஐந்தில் எது மேலே நிற்கிறது என்று பாருங்கள்.

படி 5: வேலையைப் பிரித்தல்

எதை நாடி வந்தார்களோ அது கிடைத்தவர்களுக்குத் திருப்தி அதிகம், தொடரும் எண்ணமும் அதிகம் என்று 1998 ஆய்விலேயே இருக்கிறது. அந்த மாணவருக்குச் செடிகளை அடையாளம் காணும் வேலை. ஓய்வுபெற்றவரைத் தனியாகப் பாட்டில் பொறுக்க அனுப்பாதீர்கள்; பேச்சுத்துணையோடு களை பிடுங்கும் வரிசையில் சேர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து, பெயருக்குப் பதிலாகப் போட்ட அதே எண்ணைப் போடச் சொல்லி, அதே தாளை மறுபடி கொடுங்கள்.