இணையம் செத்துக் கிடந்த நாட்களுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி?

சங்கரன்கோவிலில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். ஃபைபர் லைன் போனால் அன்றைய பிழைப்பு போச்சு. ஆனால் மாத பில் மட்டும் முழுசாக வந்து நிற்கும். அதை நாம் அப்படியே கட்ட வேண்டியதில்லை.

2024 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள டிராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகளின்படி, வயர் வழி வரும் இணைப்பின் பழுதைச் சரிசெய்ய மூன்று நாளுக்கு மேல் ஆனால், மாத பில் கட்டுகிறவருக்கு வாடகைத் தள்ளுபடி தர வேண்டும்; முன்கூட்டியே ரீசார்ஜ் செய்தவருக்கு வேலிடிட்டியை நீட்டித்துத் தர வேண்டும். மொபைலுக்குக் கணக்கு வேறு. மாவட்ட அளவில் நெட்வொர்க் 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால்தான் தள்ளுபடி. இயற்கைப் பேரிடர் என்றால் அதுவும் கிடையாது.

நிறையப் பேர் கோட்டை விடுவது முதல் நாளிலேயேதான். லைன்மேன் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்வது புகார் ஆகாது. கஸ்டமர் கேரில் பதிவு செய்து, புகார் எண் எஸ்எம்எஸ்ஸாக வந்த பிறகுதான் உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது. அழைப்பதற்கு முன் மோடத்தைப் பாருங்கள். ‘லாஸ்’ (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், ஃபைபர் வழியாக சிக்னல் வரவில்லை என்று பொருள். அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதிலேயே நேரம் போய்விடும். விளக்கை தினமும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், லைன் சரியாகாமலேயே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்துவிடும். எனக்கும் வந்திருக்கிறது. சும்மா விட்டால் பழுது அன்றோடு முடிந்ததாகக் கணக்காகிவிடும். அன்றே திரும்ப அழைத்து, பழைய எண்ணைச் சொல்லி, தீரவில்லை என்று பதிய வையுங்கள்.

அடுத்த பில்லில் தள்ளுபடி வரவில்லையா? அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். கட்டணம் இல்லை. புகாரைத் தீர்ப்பதற்கான கெடு முடிந்து 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். அவர்கள் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். நான் எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான்: "இந்தப் புகார் எண், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை சேவை இல்லை. விதிப்படி வாடகைத் தள்ளுபடி வழங்கவும்." கோபத்தைக் கொட்ட வேண்டாம், தேதிகள் போதும்.

டிராய்க்கு எழுதிப் பயனில்லை, தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. சேவைக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பில், எஸ்எம்எஸ், போட்டோ, மேல்முறையீட்டுப் பதில் நான்கையும் சேர்த்துக் கொடுங்கள்.