விளையாட்டுச் சிகிச்சை பழக வருபவர்கள் செய்யும் தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் விளையாட்டுச் சிகிச்சை (பேச முடியாததைப் பிள்ளை விளையாட்டில் வெளிப்படுத்த இடம் கொடுக்கும் உளச் சிகிச்சை) பழக வரும் பயிலுநர்களை மேற்பார்வை செய்வது என் வேலையில் ஒரு பங்கு. குழு ஒவ்வொரு முறையும் புதிது, தவறுகள் பழையவை. அவற்றில் பாதி, நான் பழகிய காலத்தில் செய்தவைதான். நேரத்துக்கு வாருங்கள், பதிவுகளைப் பூட்டி வையுங்கள், ஃபோனை வெளியே விடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

கேள்வி கேட்பது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஏழு வயதுப் பையன் ஒருவன். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) வகுப்பில் வாய் திறப்பதே இல்லை என்று பாடசாலையில் இருந்து அனுப்பியிருந்தார்கள். முதல் சில அமர்வுகளில் மணல் தட்டுக்குப் பக்கத்தில் நின்றதோடு சரி. அப்புறம் ஒருநாள் குந்தியிருந்து, ஓர் ஆண் பொம்மையை எடுத்து, கிடங்கு தோண்டித் தாட்டான். மேலே சிரட்டையைக் கவிழ்த்தான். திரும்பத் தோண்டி எடுத்தான், திரும்பத் தாட்டான். பயிலுநருக்குப் பொறுக்கவில்லை. “ஆர் இது? அப்பாவோ? அப்பாவுக்கு என்ன நடந்தது?”

வீட்டாரின் சம்மதத்தோடு எடுத்த வீடியோவில் பிறகு பார்த்தேன். பையன் சிரட்டையை எடுத்த இடத்திலேயே வைத்தான். கையைக் காற்சட்டையில் துடைத்தான். “வீட்ட போகப்போறன்” என்றான். மறுபடி மணல் தட்டில் கைவைக்க அவனுக்கு மாதக்கணக்கானது.

பயிலுநரின் குறிப்பில் ‘போர் வடு, தந்தை இழப்பு’ என்று எழுதியிருந்தது. பையன், யுத்தம் முடிந்த 2009க்குப் பல வருடங்கள் கழித்துப் பிறந்தவன். தகப்பன் உயிரோடுதான் இருக்கிறார். வெளிநாட்டில் வேலை, லீவுக்கு வந்து போகிறவர். அதற்காக, தாட்டதும் எடுத்ததும் அதைத்தான் காட்டியது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரியாது. அன்றைக்கு அது தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

விளையாடும்போது, சொல்ல முடியாததைக் கையால் செய்து பார்க்கிறது பிள்ளை. நீங்கள் கேள்வி கேட்டதும் அதை வாயால் சொல்லச் சொல்கிறீர்கள். வாயால் சொல்ல முடிந்திருந்தால் உங்களிடம் ஏன் அனுப்பப் போகிறார்கள்? வன்னியில் இன்னொன்றும் இருக்கிறது. இங்கே கேள்வி கேட்டவர்கள் யார் யார்? சோதனைச் சாவடியில் கேட்டார்கள், மனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பதியும்போது கேட்டார்கள், காணாமல் போனவர்களைப் பற்றிப் படிவத்துக்குப் படிவம் கேட்டார்கள். அந்த வீடுகளில் வளரும் பிள்ளைக்கு, கொப்பியும் பேனையுமாக முன்னால் இருந்து கேள்வி கேட்கிற பெரிய ஆளைப் பற்றி ஒருவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

சரி, கேட்காமல் என்ன செய்வது? கண்டதைச் சொல்லுங்கள். “அவரைத் தாட்டாச்சு. இப்ப சிரட்டையால மூடுறாய்.” பிள்ளை பெயர் வைக்கும்வரை நீங்கள் பெயர் வைக்கக்கூடாது. அப்பா இல்லை, ஆமி இல்லை, வெறும் ‘அவர்’தான். முகத்தில் சந்தோசமோ பயமோ தெரிந்தால் அதைச் சொல்லுங்கள். வசனத்தின் முடிவில் உங்கள் குரல் மேலே ஏறினால் அதுவும் கேள்விதான். பிள்ளை முன்னே போகும், சிகிச்சையாளர் பின்னே போவார் என்பதும், அவசரப்படுத்தக்கூடாது என்பதும் விளையாட்டுச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான வேர்ஜினியா அக்ஸ்லைன் 1947இல் எழுதிவைத்த எட்டு நெறிகளில் உள்ளவை. சோதனைக்கு எல்லாரும் ஒப்புவிக்கிறார்கள். அறைக்குள் போனதும் போய்விடுகிறது.

ஒரு விலக்கு உண்டு. அதே விளையாட்டு, அதே வரிசை, கிழமைக்கணக்காக மாறாமல் நடக்கிறது. சிரிப்பும் இல்லை, ஆறுதலும் இல்லை, முடியும்போது பிள்ளை முன்னைவிடப் பதறுகிறது. 1976இல் கலிபோர்னியாவில் பாடசாலை பஸ்ஸில் வைத்துக் கடத்தப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர் விவரித்தது இந்த மாதிரி விளையாட்டைத்தான். அப்போது சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் தனியே முடிவெடுக்காமல் மேற்பார்வைக்குக் கொண்டு வாருங்கள்.

எல்லாவற்றையும் யுத்தத்தோடு முடிச்சுப் போடுவது

பொம்மை செத்தால் ஷெல் விழுந்துதான் சாக வேண்டும் என்றில்லை. வீட்டில் ஆடு செத்திருக்கலாம்.

பாராட்டுவது

“வடிவாயிருக்கு” என்றீர்களோ, அடுத்த படத்தைப் பிள்ளை உங்களுக்காகத்தான் கீறும்.

கடைப் பொம்மைகளை அடுக்குவது

நன்கொடையாக வந்த பொம்மை வீட்டில் குளியல் தொட்டி இருந்தது. ஒரு பிள்ளை அதை மாட்டுத் தொட்டியாக்கித் தண்ணீர் காட்டியது, நல்ல காலம். சிரட்டை, பேணி, மண்வெட்டி, லான்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்), மாடு, தென்னோலைத் துண்டு, ஒரு அம்புலன்ஸ், கொஞ்சம் பழைய சீலை. இவை இருந்தால் பாதி வேலை முடிந்தது. துவக்கு வைக்கலாமா என்று எப்போதும் கேட்பார்கள். நான் வைப்பதில்லை. வேண்டிய பிள்ளை தடியில் செய்துகொள்ளும். அதை நீங்கள் பறிக்காமல் இருந்தால் போதும்.

எல்லை போடத் தயங்குவது

‘எல்லாவற்றையும் ஏற்பது’ என்று படித்துவிட்டு அடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டுச் சிகிச்சையாளர் கெரி லாண்ட்ரெத்தின் மூன்று படிகள் போதும். உணர்வைச் சொல்லுங்கள், எல்லையைச் சொல்லுங்கள், மாற்று வழியைக் காட்டுங்கள். “உனக்கு என்னில கோபம். நான் அடிக்கிறதுக்கு இல்லை. அந்தத் தலகாணிக்கு அடிக்கலாம்.” குரலை உயர்த்தாமல், சிரிக்காமல். சிரித்துக்கொண்டு சொன்னால் விளையாட்டுக்குச் சொல்வதாகவே பிள்ளை எடுக்கும்.

வாங்கில் இருக்கும் அம்மம்மா

அமர்வு முடிந்து கதவைத் திறந்தால், “பிள்ளை, என்ன சொன்னவன்?” என்று கேட்பார். மல்லாவியில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். அவருக்கு ஒன்றும் சொல்லாமல் விடுவதும் சரியில்லை. மணலில் நடந்ததைச் சொன்னாலோ, அன்று இரவே வீட்டில் விசாரணை தொடங்கும். பொதுவாகச் சொல்லுங்கள்: “இப்ப கொஞ்சம் கொஞ்சமா விளையாடுறான். நித்திரை எப்பிடி? சாப்பாடு?” கேள்விகளை இங்கே கேளுங்கள், தாராளமாக. இன்ன விடயங்களை மட்டும் வெளியே சொல்வேன் என்பதை முதல் நாளே பிள்ளையையும் அவரையும் சேர்த்து வைத்துச் சொல்லியிருந்தால் இந்தச் சங்கடம் பாதியாகும்.

யாரோ அடிக்கிறார், தொடுகிறார் என்று பிள்ளையே சொன்னால்

கிண்டாதீர்கள். அது சொன்ன சொல்லை அப்படியே எழுதி, அன்றே மேற்பார்வையாளருக்குச் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1929.

சொல்லாமல் போவது

அமர்வு முடிய 5 நிமிடம் இருக்கும்போது சொல்ல வேண்டும் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. தங்கள் பயிற்சிக் காலம் முடிவதைச் சொல்லத்தான் மறக்கிறார்கள். திட்டம் முடிந்ததும் வாகனத்தில் ஏறிப் போன நிறுவனங்களை இந்த ஊர்கள் நிறையக் கண்டிருக்கின்றன. கடைசித் திகதியை முதலாவது அமர்விலேயே சொல்லி, ஒரு கலண்டரில் மீதி அமர்வுகளைக் குறித்து, ஒவ்வொன்று முடியும்போதும் பிள்ளையையே வெட்டவிடுங்கள். மார்கழியில் குளம் வான் பாய்ந்து பஸ் வராமல் ஒரு கிழமை தவறினால் அதை வெட்டக்கூடாது. அந்த அமர்வையும் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.