திக்கிப் பேசும் குழந்தை: அக்கறையில் நாம் செய்யும் தவறுகள்

குழந்தை ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு திணறும்போது, "மெதுவாச் சொல்லு, மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு" என்கிறோம். அக்கறையில்தான். ஆனால் குழந்தைக்குப் புரிவது 'நான் பேசுறது தப்பு' என்பது மட்டுமே. அடுத்த முறை அந்தச் சொல் வருவதற்குள் பயம் வந்துவிடும். தொண்டை இறுகும், திக்கல் கூடும். சொல்லை நாமே முடித்துக் கொடுப்பதும் இதே கதைதான். நம் பேச்சின் வேகத்தைக் குறைத்து, குழந்தை சொல்லி முடிக்கும்வரை முகம் பார்த்துக் காத்திருந்தால் போதும்.

"பாட்டுப் பாடும்போது திக்கலையே, அப்போ வேணும்னேதான் பண்றான்" என்பது இன்னொன்று. பாடும்போதும், பலரோடு சேர்ந்து சொல்லும்போதும், தனியாகப் பொம்மையிடம் பேசும்போதும் திக்கல் பெரும்பாலும் வராது. திக்கலின் இயல்பே அப்படி. அது நடிப்பும் இல்லை, பிடிவாதமும் இல்லை.

"தானா சரியாயிடும்" என்பது பாதி உண்மை. 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும் திக்கல் பெரும்பாலான குழந்தைகளுக்கு நின்றுவிடுகிறது. எந்தக் குழந்தைக்கு நிற்கும் என்று உறுதியாகச் சொல்லத்தான் வழியில்லை. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ, கண்ணை இறுக்கி மூடுவது, பேசாமல் நழுவுவது போன்றவை தெரிந்தாலோ ஸ்பீச் தெரபிஸ்டைப் (பேச்சுப் பயிற்சியாளரை) பார்த்துவிடுங்கள். பார்த்துவிட்டு "கொஞ்ச நாள் பொறுக்கலாம்" என்று அவரே சொன்னால், சரி, பொறுக்கலாம்.

தெரபி தொடங்கிய பிறகு நடக்கும் பெரிய தவறு, அதை வாரம் ஒருமுறை போய்வரும் டியூஷனாக நினைப்பது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான லிட்கம் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானது. சிகிச்சையைத் தருவது வீட்டில் இருக்கும் அம்மா அப்பாதான். தெரபிஸ்ட் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். தினமும் சிறிது நேரம் விளையாடிக்கொண்டே, தடங்கலில்லாமல் வந்த பேச்சை "அழகா வந்துச்சே!" என்று பாராட்ட வேண்டும். அன்றைய திக்கலுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் போட்டு வைக்க வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: நன்றாக வந்த பத்து வாக்கியங்கள் காதிலேயே விழாது, திக்கிய ஒன்றைப் பிடித்துக்கொள்வோம். வீடு தேர்வுக்கூடமாகிவிடும். யாரோ சொன்னதைக் கேட்டுத் தெரபிஸ்ட் இல்லாமலே இதைச் செய்து பார்ப்பதும் வேண்டாம்.

அப்புறம், ஒரு மாதம் நன்றாகப் பேசியதும் நிறுத்திவிடுவது. திக்கல் ஏறி இறங்கும் சமாச்சாரம். லிட்கம் முறையிலேயே, பேச்சு சீரான பிறகும் இடைவெளியைக் கூட்டிக் கூட்டிப் பல மாதங்கள் தெரபிஸ்டைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பள்ளி வயதுப் பிள்ளையிடம் 'இனி திக்கவே கூடாது' என்று இலக்கு வைக்காதீர்கள். அந்த வயதில், திக்கினாலும் இறுக்கமில்லாமல் சொல்லி முடிப்பதும், திக்குமோ என்று பயந்து சொல்லை மாற்றாமல் இருப்பதுமே பெரிய முன்னேற்றம். ஆசிரியரிடமும் பேசுங்கள். ஆனால் "அவளை வாசிக்கச் சொல்லாதீங்க" என்று நாமாக முடிவெடுத்துச் சொல்வதற்கு முன், வகுப்பில் வாசிக்க அவளுக்கு விருப்பமா என்று அவளிடமே கேட்டுவிடுங்கள்.