வெயில், தூசி, கிணற்றுத் தண்ணீர்: வன்னியில் இராணுவ மொடல் செய்பவர்கள் விடும் பிழைகள்

பெட்டியில் பாகங்களாக வரும் பிளாஸ்டிக் கிட்டை ஒட்டிப் பெயின்ற் அடித்துச் செய்த என் முதல் டி-55 டாங்கியை நான் இரண்டு தடவை கெடுத்தேன். முதல் தடவை சித்திரை மாதம், மத்தியானம், தகரக் கூரை போட்ட பின்விறாந்தையில் வைத்துப் பச்சைப் பெயின்ற் அடித்தபோது. காய்ந்த பிறகு தொட்டுப் பார்த்தால் ரவை தூவியது போல ஒரே சொரசொரப்பு. தேய்த்து, திரும்ப அடித்து, ஒருவழியாக முடித்து, மார்கழி மழைக்குள் மேல்பூச்சாக மங்கல் வார்னிஷ் அடித்தேன். அரை மணித்தியாலத்தில் டாங்கி முழுக்க வெள்ளையாகப் புகார் படிந்துவிட்டது. பெட்டிக்குள் வந்த வழிகாட்டித் தாளில் இந்த இரண்டைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. அதை எழுதியவர் கிளிநொச்சியில் இருந்து பெயின்ற் அடித்தவர் இல்லையே.

அதனால் பாகங்களை வெட்டும் நிப்பரை எப்படிப் பிடிப்பது என்ற இடத்திலிருந்து நான் தொடங்கப் போவதில்லை. எங்கள் வெயிலில், எங்கள் தண்ணீரில் எது பிழையாகப் போகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

சித்திரையில் நடந்தது இதுதான். காற்றால் பெயின்றைத் தெளிக்கும் எயார்பிரஷிலிருந்து கிளம்பும் துளி பிளாஸ்டிக்கைத் தொட முதலே காற்றில் பாதி காய்ந்து, தூளாகப் போய் விழுகிறது. வெயில் ஏற முதல், காலை ஏழு எட்டு மணிக்குள் அடித்து முடியுங்கள். பெயின்றை ஐதாக்கும் தின்னரைக் கொஞ்சம் கூட்டி, காற்றழுத்தத்தைக் குறைத்து, கிட்டவாகப் பிடித்து அடியுங்கள். மார்கழியில் நடந்தது வேறு கதை. லக்கர் வகைத் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக் காற்றிலுள்ள நீர் அந்தக் குளிர்ந்த இடத்தில் படிந்து பூச்சுக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. அந்த வெள்ளையைத் துடைத்து எடுக்க முடியாது. நல்ல வெயில் நாள் ஒன்று பார்த்து, மெதுவாகக் காயும் தின்னரை மெல்லியதாக ஒரு தடவை அடித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். நான் இப்போது காலபோக வெள்ளாமைக் கணக்கில்தான் வேலை செய்கிறேன்: மாரி முழுக்க வெட்டுவதும் ஒட்டுவதும், தை பிறந்து மழை விட்ட பிறகு பெயின்ற்.

சோளகம் தொடங்கினால் வேறொரு தொல்லை. கிறவல் றோட்டுத் தூசி யன்னலைப் பூட்டினாலும் உள்ளே வரும். அடிக்க முதல் நிலத்துக்குத் தண்ணீர் தெளியுங்கள். அடித்து முடித்த கையோடு பழைய ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடுங்கள்.

ஸ்பிறே டின்களும் தின்னரும் எரியக்கூடியவை என்பதால் வான்தபாலில் வராது. ஆகவே கையில் அகப்பட்டதை வைத்துச் சமாளிக்கப் பார்ப்போம். வாகனங்களுக்கு அடிக்கும் என்.சி. தின்னரைத் தூரிகையில் தொட்டுப் பிளாஸ்டிக்கில் இழுத்தால் மேற்பரப்பு உருகி வழுவழுவென்று போய்விடும். எதையும் முதலில் பாகங்கள் கழற்றிய வெறும் சட்டத்தில் பூசிப் பாருங்கள். மொடல் பெயின்ற் கொம்பனிகளில் தமியாவின் அக்ரிலிக் மதுசாரம் சேர்ந்தது, வயேகோவினது தண்ணீர் சேர்ந்தது. பெட்டியில் இரண்டிலும் அக்ரிலிக் என்றுதான் போட்டிருக்கும். வயேகோவுக்குள் மதுசாரத்தை ஊற்றினால் பால் திரைந்த மாதிரித் திரைந்து எயார்பிரஷை அடைத்துவிடும்.

தண்ணீர் விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் வன்மையானது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் கல்லைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். விமானத்தின் இலக்கங்கள், வட்டச் சின்னங்கள் எல்லாம் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டெகல்களாக வரும். கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்தால் காய்ந்த பிறகு அவற்றைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு விழும், கரும்பச்சைச் சிறகில் அது பளிச்சென்று தெரியும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் மோட்டார்சைக்கிள் திருத்தும் கடையில் பற்றரிக்கு விடும் தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்குங்கள். அமிலம் இல்லை, தண்ணீர் என்று கேட்டு வாங்குங்கள். டெகல் ஒட்ட முதல் மினுக்க வார்னிஷ் அடிக்காமல் விடுவது இன்னொரு பிழை. மங்கல் பூச்சின் மேடு பள்ளங்களில் காற்று அகப்பட்டு, ஒட்டிய இடம் வெள்ளி போல மினுங்கும்.

பசையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். விமானியின் கண்ணாடி மூடியைச் சுப்பர் குளூவால் ஒட்டாதீர்கள், அதன் ஆவி கண்ணாடியைப் புகை பிடித்தது போலாக்கிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளைப் பசை போதும்.

சரி, இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. புதுச் சாமானைப் பாவித்த சாமானாகக் காட்டுவது. அநேகமான மொடல்கள் இங்கேதான் நாசமாகின்றன.

முதலில் கணக்கைப் பாருங்கள். டாங்கிகள் பெரும்பாலும் 1/35 அளவில் வரும். அதில் 1 மில்லிமீற்றர் என்பது உண்மையில் மூன்றரைச் சென்ரிமீற்றர். 1/72 விமானத்தில் அதே 1 மில்லிமீற்றர் ஏழு சென்ரிமீற்றருக்கும் மேல். சிறகின் ஓரத்தில் பெயின்ற் கழன்றது போலத் தூரிகை நுனியால் வைக்கும் ஒரு பொட்டு, உண்மை விமானத்தில் உள்ளங்கை அகலம். தகடுகள் சேரும் கோட்டைக் கால் மில்லிமீற்றர் அகலத்துக்குக் கறுப்பாக்கினால், நிஜத்தில் அது விரல் நுழையும் வெடிப்பு. அப்படி ஒரு விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பாது. டாங்கி நிற்கும் அடித்தளத்துக்கு முற்றத்து மண்ணை அள்ளிக் கொட்டினாலும் இதே கதைதான். கண்ணுக்குத் தூளாகத் தெரியும் அரை மில்லிமீற்றர் மணல், 1/35 இல் ஒன்றேமுக்கால் சென்ரிமீற்றர்ச் சல்லிக்கல். மெல்லிய துணியில் அரித்துத்தான் பாவிக்க வேண்டும்.

அடுத்தது கறள். விமானத்தில் கறள் பூசுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். விமானத்தின் மேல்தோல் பெரும்பாலும் அலுமினியக் கலவை. அது கறள் பிடிக்காது, பெயின்ற் கழன்றால் வெள்ளி நிறம்தான் தெரியும். டாங்கி இரும்புதான், ஆனாலும் ஓடித் திரியும் டாங்கி செங்கல் நிறத்தில் நிற்காது. உழவு முடிந்து வரும் கலப்பைத் தட்டைக் கவனித்திருப்பீர்கள்: மண்ணில் உரஞ்சிய இடம் கண்ணாடி மாதிரி மினுங்கும், நடுவில் மண் அப்பியிருக்கும், கறள் எங்கோ ஒரு மூலையில் மட்டும். டாங்கியின் சங்கிலியும் அப்படியே. நிலத்தைத் தொடும் மேடுகளும், சில்லு உருளும் உட்பாதையும் தேய்ந்து வெளுத்திருக்கும். மிச்சமெல்லாம் ஓடின மண்ணின் நிறம். கறள் நிற்கும் வாகனத்துக்கு வரும் நோய்.

அதற்காக எங்கள் உழவு மெசினையே பார்த்து எல்லாவற்றுக்கும் செம்மண் பூசக்கூடாது. நான் அதையும் செய்திருக்கிறேன். 1943 இல் குர்ஸ்க்கில் நின்ற டி-34க்கு நல்ல பரந்தன் செம்புழுதி! அங்கே உள்ளது கரிசல் மண். எங்கள் வாகனங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறத்தை இல்லை, படியும் ஒழுங்கை. சில்லின் நடுவில் எண்ணெய் கசிந்த இடத்தில் தூசி கறுத்துப் போகும். ஏறி இறங்கும் படியில் கால் பட்டுப் பட்டுப் பெயின்ற் தேயும். கைபடும் பிடிகள் அழுக்கே இல்லாமல் மினுங்கும். மழை பெய்து காய்ந்த தூசி மேலிருந்து கீழே கோடாக இறங்கும், குறுக்கே ஒருபோதும் போகாது. ஒரு பின்னேரம் வயல் கரையில் நின்று பாருங்கள், பணம் கொடுத்துப் பார்க்கும் காணொளிப் பாடங்களில் வராததெல்லாம் வரும்.

நினைவை நம்பிச் செய்வது இன்னொரு பெரிய பிழை, இது எங்கள் ஊர்க்காரருக்கு மட்டுமே உரிய பிழை என்றுகூடச் சொல்லலாம். எங்களுக்கு இந்த டாங்கிகளையும் விமானங்களையும் தெரியும் என்று நினைக்கிறோம். சத்தம் தெரியும், உண்மைதான். உருவம் தெரியாது. பதுங்குகுழிக்குள் இருந்தவன் சில்லுகளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. டி-55க்குப் பக்கத்துக்கு ஐந்து பெரிய சில்லுகள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் மட்டும் இடைவெளி பெரிது. சங்கிலியை மேலே தாங்கச் சின்ன உருளைகள் கிடையாது, ஆகவே சங்கிலி சில்லுகளின் முதுகில் தொய்ந்து கிடக்க வேண்டும். கிட்டில் வரும் இறப்பர்ச் சங்கிலியை அப்படியே மாட்டினால் வீணைத் தந்தி போல விறைத்து நிற்கும். நடுவில் கறுப்பு நூலால் கட்டிக் கீழே இழுத்து விடுங்கள். அந்த இறப்பர் வகைகள் சில, வெக்கையில் கொஞ்சக் காலம் கிடந்தால் தொட்ட பிளாஸ்டிக்கை அரிக்கவும் செய்யும். உள்பக்கம் பெயின்ற் பூசாமல் மாட்டாதீர்கள்.

உருவம் பார்க்கப் படங்கள் உண்டு. ஆனையிறவில் ஏ9 வீதி ஓரமாக, 1991 சண்டையில் வந்த இரும்புத் தகடடித்த புல்டோசர் காட்சிக்கு நிற்கிறது. தகடு எப்படிப் பொருத்தப்படும் என்று அதில் பார்க்கலாம். காட்டுக்குள் கறள் பிடித்த ஏதோ கிடக்கிறதாம் என்று யாராவது சொன்னால் மட்டும் போகவேண்டாம். மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெல்லாம் துப்புரவான இடம் இல்லை. ஒரு மொடலுக்காகக் கால் போகத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று, விமானம் சில்லில் நிற்கிறதா பறக்கிறதா என்பதை உடம்பை ஒட்ட முதல் முடிவெடுங்கள். நான் 1/72 இல் கிபிர் ஒன்று செய்தேன். 1996 இல் இலங்கை விமானப்படைக்கு வந்த இஸ்ரேல் விமானம். பிரான்சின் மிராஜ் 5 இன் உடலுக்குள் அமெரிக்க ஜே79 எஞ்சினை வைத்தது, அதனால் நிமிர்ந்த வால் சிறகின் அடிப்பகுதியில் ஒரு சின்னக் காற்றுவாயும் உண்டு. மிராஜ் கிட்டை வாங்கிப் பெயின்றை மட்டும் மாற்றி கிபிர் என்று வைப்பவர்கள் அந்தக் காற்றுவாயில்தான் பிடிபடுவார்கள். நான் அதையெல்லாம் சரியாகச் செய்தேன். சில்லுக் கதவுகளை மூடி ஒட்டி, பறப்பது போல நைலோன் நூலில் என் அறைக்குள் தொங்கவிட்டேன்.

அம்மா கூட்ட வந்தவா. நிமிர்ந்து பார்த்துவிட்டு, விளக்குமாறோடு கதவடியில் நின்றா.

"உதை ஏன் மேல கட்டினனீ? இறக்கி நிலத்தில வை."

நிலத்தில் வைக்கச் சில்லு வேண்டும். ஒட்டிய கதவுகளை பிளேட்டால் மெதுவாக அறுத்துத் திறந்தேன், ஒன்று உடைந்தது. சில்லுகளைப் பூட்டி மேசையில் வைத்தால் மூக்கு மேலே எழும்பி, வாலில் குந்தியது. எடையெல்லாம் பின்பக்கம், மூக்குக்குள் ஈயம் போட்டிருக்க வேண்டும். அதற்கும் உடம்பை மூட முதல்தான் நேரம். கடைசியில் மூக்கு நுனியை வெட்டி, முல்லைத்தீவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்து தந்த வலை ஈயத்தைத் துண்டு துண்டாக நறுக்கி உள்ளே திணித்து, திரும்ப ஒட்டித் தேய்த்துப் பெயின்ற் அடித்தேன். வெட்டின கோடு இன்னும் தெரிகிறது.

இப்போது அது அலுமாரியில் மூன்று சில்லிலும் நிற்கிறது. அம்மா அதன்மேல் ஒரு கைலேஞ்சியைப் போட்டு மூடி வைத்திருக்கிறா. தூசிக்காம்.