பார்வையற்றோரும் ரசிக்க ஒரு கண்காட்சி: ஏற்பாட்டாளர்களுக்குச் சில செய்முறைகள்

சிங்கப்பூரில் சமூக மன்றத்திலோ அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலோ ஓவியக் கண்காட்சி வைக்கும் குழுக்கள், பார்வையற்றோர் என்றதும் முதலில் பிரெயில் அட்டையைத்தான் நினைக்கின்றன. அது கடைசியாகச் செய்யவேண்டிய வேலை. நீரிழிவாலோ கண் அழுத்த நோயாலோ வயதானபின் பார்வை மங்கிய மூத்தோரில் பெரும்பாலோர் பிரெயில் கற்றதில்லை. அறவே பார்வை இல்லாதவர்களைவிட ஓரளவு தெரிபவர்களே அதிகம். ஆகவே பணமும் ஆளும் குறைவாக இருந்தால், படத்தில் இருப்பதைச் சொற்களில் சொல்லும் விவரிப்புக்கு முதலிடம் கொடுங்கள். அடுத்தது எழுத்தும் வெளிச்சமும், பிறகு நடைவழி, அதன்பின் தொட்டுணரும் பிரதிகள். முப்பது படைப்புகளுக்கும் அரைகுறையாகச் செய்யாமல், ஆறை மட்டும் தேர்ந்தெடுத்து முழுமையாகச் செய்யுங்கள்.

விவரிப்பு எழுதுவது

“தீபாவளிப் பரபரப்பை உயிரோட்டமாகக் காட்டும் அழகிய ஓவியம்” என்று எழுதினால் கேட்பவருக்கு ஒன்றுமே கிடைக்காது. அழகா இல்லையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். படத்தில் இருப்பதை நாம் சொல்வோம். இப்படி:

“மூன்று சாண் அகலம், இரண்டு சாண் உயரம். கேன்வாஸில் அக்ரிலிக். ஒரு பூக்கடையை எதிரே நின்று பார்க்கும் காட்சி. கீழ்ப்பாதி முழுவதும் கடைப்பலகை. அதன் இடது ஓரத்தில் மல்லிகைச் சரங்கள் சுருள்சுருளாக. நடுவில் மஞ்சள் செவ்வந்திக் குவியல். வலது ஓரத்தில் வாழையிலைக் கட்டு. பலகைக்குப் பின்னால் ஒரு பெண், அறுபது வயதிருக்கும், மயில்கழுத்து நிறச் சேலை. அவர் நம்மைப் பார்க்கவில்லை. நாரை முடிந்துகொண்டிருக்கும் தன் விரல்களைப் பார்க்கிறார். செவ்வந்தியில் மட்டும் வண்ணம் நகத்தின் தடிமனுக்கு அப்பியிருக்கிறது.”

இதில் ஒரு வரிசை இருக்கிறது: அளவு, ஊடகம், ஒரே வரியில் மொத்தக் காட்சி, பிறகு இடமிருந்து வலம், கடைசியில் தூரிகை வேலை. தொடங்கிய திசையை நடுவில் மாற்றினால் கேட்பவர் மனத்தில் கட்டிய படம் கலைந்துவிடும். அளவைச் சாணிலும் முழத்திலும் சொல்வது நல்லது, தன் கையாலேயே அளந்துகொள்ள முடியும். பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு நிறம் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். மாந்தளிர், கிளிப்பச்சை, அரக்கு எல்லாம் அவர் வாழ்நாள் முழுக்கப் பேச்சில் கேட்டுப் பழகிய சொற்கள். பாதியில் பார்வை போனவருக்கோ நிறம் நினைவிலேயே இருக்கிறது.

ஒரு படைப்புக்கு இரண்டு நிமிடம், ஏறத்தாழ 200 சொற்கள். அதைத் தாண்டினால் நின்று கேட்பது சிரமம். துணி நிறைந்த படுக்கையறையில் கைப்பேசியிலேயே பதியலாம், எதிரொலி இருக்காது.

கைப்பேசியில் சேர்ப்பது

பெரும்பாலான கண்காட்சிகள் தடுக்கி விழுவது இங்கேதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பனுவலை, திரையில் இருப்பதை உரக்க வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வாசிக்கும். யூனிகோடு தமிழில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். வருடிய (ஸ்கேன் செய்த) பிடிஎஃப் ஸ்கிரீன் ரீடருக்கு வெறும் படம், எதையும் வாசிக்காது. சாதாரண இணையப் பக்கமாக வைத்து, பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆங்கிலக் குரல் தமிழ் வரிகளைத் தாண்டிப் போய்விடலாம்.

அந்தப் பக்கத்தைத் திறக்கும் கியூஆர் குறியீடு குறைந்தது 4 செ.மீ. இருக்கட்டும். அதைச் சுற்றி மேடான பட்டை ஒட்டுங்கள், விரல் கண்டுபிடிக்கும். எல்லாப் படத்துக்கும் ஒரே இடம், எடுத்துக்காட்டாக, தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் படத்தின் வலப்புறம். கேமராவைக் குறிபார்க்கவே தேவையில்லாமல், கைப்பேசியை அருகில் கொண்டுபோனாலே பக்கத்தைத் திறக்கும் என்எஃப்சி ஸ்டிக்கர் இன்னும் வசதி, ஆனால் சாதாரண ஸ்டிக்கர் உலோகப் பலகையில் ஒட்டினால் வேலை செய்யாது. உலோகத்துக்கென்றே வரும் வகையை வாங்குங்கள். காதொலிப்பான் (இயர்ஃபோன்) கொடுப்பதானால் ஒரு காதுக்கு மட்டும். மற்றக் காது சுற்றுப்புறத்தைக் கேட்க வேண்டும்.

எழுத்தும் வெளிச்சமும்

படக்குறிப்பைத் தமிழில் 28 புள்ளி (பாயின்ட்) எழுத்தளவுக்குக் குறையாமல் அச்சிடுங்கள். பார்வை மங்கியவருக்கு முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. பிறகு ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகத் தெரியும். சீரான தடிமனுள்ள எழுத்துரு, வெளிர்மஞ்சள் தாளில் கறுப்பு, மினுமினுப்பில்லாத லேமினேஷன். அட்டைக்குக் கீழே மேசையோ முன்னால் கயிறோ வேண்டாம். மூக்கு தொடும் அளவுக்கு நெருங்கித்தான் பலர் வாசிப்பார்கள்.

கீழ்த்தளம் பக்கவாட்டில் திறந்திருப்பதால், பலகையின் பின்னால் வெயில் இருந்தால் படம் இருண்ட நிழலாகிவிடும். பலகைகளைத் திறந்த பக்கத்துக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். கண்ணாடிச் சட்டத்தில் விளக்கு பிரதிபலித்தால் விளக்கைச் சரித்துப் பாருங்கள். படைப்பாளர் சம்மதித்தால் கண்ணாடியையே கழற்றிவிடுங்கள்.

நடைவழி

120 செ.மீ. அகலம் தடையின்றி வேண்டும். தரையிலிருந்து 68 செ.மீ.க்கு மேல் தொடங்கி, சுவரிலிருந்து 10 செ.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் வெண்கோலுக்கு அகப்படாது; நேரே நெஞ்சிலோ முகத்திலோ இடிக்கும். அதன் நேர்கீழே ஒரு பெட்டி வையுங்கள். படம் தாங்கும் ஈசல் சட்டத்தின் கால்கள் வழிக்குள் வரக்கூடாது. நம் நிகழ்ச்சிகளுக்கே உரிய ஆபத்து வாசல் நடுவில் வைக்கும் குத்துவிளக்கும் ரங்கோலியும். இரண்டையும் ஓரத்துக்கு மாற்றுங்கள். ஒருமுறை வழி சொல்லிக்கொடுத்தபின் நாற்காலியைக்கூட நகர்த்தாதீர்கள்.

தொட்டுணரும் கோலம்

ஓவியத்தைப் பிரதியெடுப்பதைவிடக் கோலம் எளிது. தடித்த ஏ3 அட்டையில் ஐந்துக்கு ஐந்து புள்ளி, இடைவெளி 5 செ.மீ. புள்ளிக்கு 5 மி.மீ. ஒட்டுமுத்து, புள்ளிகளைச் சுற்றி வளைந்துபோகும் சிக்குக் கோட்டுக்கு 3 மி.மீ. பருத்திக் கயிறு. புள்ளிக்கும் கயிற்றுக்கும் இடையே 1 செ.மீ. விடுங்கள், நெருங்கினால் விரலுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். கோடு கோட்டை வெட்டும் இடத்தில் கயிற்றின் மேல் கயிறு ஏறினால் முடிச்சுபோல் மேடாகி விரல் திசைமாறும். கீழே போகும் கயிற்றை மேல்கயிற்றின் இருபுறமும் 3 மி.மீ. முன்னதாகவே வெட்டி நிறுத்துங்கள். விரல் நேராகத் தாண்டி மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். துணிப்பசை போதும், சூட்டுப்பசைத் துப்பாக்கி மெல்லிய நூல்களை விட்டுச்செல்லும், அவற்றையும் விரல் கோடாகவே வாசிக்கும். மேசை 72 செ.மீ. உயரம், பக்கத்தில் நாற்காலி. மோதிரமும் வளையலும் கழற்றி, கை துடைத்தபின் தொடச் சொல்லுங்கள்.

அழைப்பதும் வரவேற்பதும்

வாட்ஸ்அப்பில் போஸ்டர் படத்தை மட்டும் அனுப்பினால் ஸ்கிரீன் ரீடருக்கு ஒன்றும் தெரியாது. விவரத்தைக் கீழே தட்டச்சு செய்யுங்கள், பேருந்து நிறுத்தத்தின் ஐந்திலக்க எண்ணையும் சேர்த்து. எம்ஆர்டி நிலையத்தின் பயணிகள் சேவை நிலையத்தருகே ஒருவர் காத்திருப்பார் என்று சொன்னால் துணையில்லாமல் வரத் தயங்குபவரும் கிளம்புவார்.

வந்தவரின் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் பெயரைச் சொல்லி முழங்கையைக் கொடுங்கள். எதுவும் கேட்பதானால் அவரிடமே, “ஐயா, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?” என்று கேளுங்கள், உடன்வந்த மகளிடம் “அப்பாவுக்கு என்ன வேணும்?” என்று கேட்காதீர்கள். “பாருங்க” என்ற சொல்லைத் தவிர்க்கத் தேவையில்லை. விலகும்போது சொல்லிவிட்டு விலகுங்கள். வழிகாட்டி நாய் வேலையில் இருக்கிறது, தடவக்கூடாது.

திறப்புக்குப் பத்து நாள் முன்பே பார்வையற்ற ஒருவரையும் மங்கலாகத் தெரியும் ஒருவரையும் அழைத்து ஒத்திகை பாருங்கள். இருவருக்கும் ஊதியம் கொடுங்கள். ஆள் தெரியாவிட்டால் தோ பாயோ ரைஸில் உள்ள பார்வைக் குறைபாடுள்ளோர் சங்கத்தை விசாரிக்கலாம். ஒத்திகையை, திறப்பு விழா நடக்கப்போகும் நாளின் அதே வேளையில், அதே பின்னணி இசையை ஒலிக்கவிட்டுச் செய்யுங்கள். விவரிப்பு காதில் விழுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.